அம்மப்பாவின் செஸ் காய்கள்: 12,000 ரூபாவுக்குக் கொடுக்கலாமா?

ஒட்டுசுட்டான் பெடியன்:

வணக்கம். பழைய செஸ் காய்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அம்மப்பா திருகோணமலை டொக்யாட்டில் கிளாக்கராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டபோது, கூட வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரர் தன் செஸ் பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். 2008 கடைசியில் நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா அதைத் தையல் மெசின் தலையோடும் ஒரு குத்துவிளக்கோடும் சேர்த்து பிளாஸ்ரிக் பரலுக்குள் போட்டுக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து தோண்டினால் மெசின் துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடந்தது, செஸ் பெட்டி ஊறிக் கையோடு பிய்ந்து வந்தது, காய்கள் மட்டும் தப்பின. அன்றிலிருந்து ஒரு பால்மாப் பேணிக்குள் இருக்கின்றன.

32 காய்களும் உண்டு. வெள்ளைக் குதிரை ஒன்றுக்கு இடது காது இல்லை. கறுப்புச் சிப்பாய்களில் ஒன்று மற்ற ஏழோடும் சேராது, கழுத்து தடிப்பு. தொலைந்துபோனதற்குப் பதிலாக அம்மப்பா முறிந்த உலக்கைத் துண்டொன்றில் கடைவித்தது அது. ராஜாவின் உயரம் மூன்றரை அங்குலம், காய்கள் கைக்குப் பாரமாக இருக்கின்றன.

போன கிழமை பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் காலத்துக் கருங்காலி என்று சொல்லி 5,000 ரூபா கேட்டார். நான் யோசித்துக்கொண்டு பேசாமல் நிற்க, அவராகவே 12,000க்கு ஏறிவிட்டார். அதுதான் எனக்குச் சந்தேகம். கொடுக்கலாமா? கழுவி வார்னிஷ் அடித்துக் காட்டினால் இன்னும் கூடப் போகுமா?

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

தம்பி, முதலில் அந்த வார்னிஷ் பேணியை மூடி வையுங்கள். பழைய காய்க்கு மதிப்பே அந்தப் பழைய மேற்பரப்புத்தான். வெள்ளைக் காய் என்கிறோமே, அது பொக்ஸ்வூட் என்ற மரம். வருசக்கணக்காகக் கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறத்துக்கு வரும், விரல் பிடிக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் கருக்கும். அதை உரசிப் புதிசாக்கினால் வாங்குகிறவர் திரும்பியும் பார்க்கமாட்டார். காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டுங்கள், அது போதும்.

இனி விசயத்துக்கு வருவோம். இங்கே இங்கிலாந்தில் ஏலத்தில் எல்லாரும் தேடுவது லண்டன் ஜேக்ஸ் கம்பெனியின் ஸ்டோன்டன் காய்கள். 1849இல் பதிவு செய்த வடிவம் அது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டோன்டனின் பெயரைப் போட்டு விற்றார்கள், இன்றைக்குப் போட்டிகளில் பாவிக்கிற காய்களும் அந்த வடிவம்தான். கண்டுபிடிக்க ஒரு வழி, ராஜாவின் அடிப்பாகத்துச் சுற்று விளிம்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஜேக்ஸ் லண்டன் என்று குத்தியிருக்கும். அழுக்கு ஏறியிருந்தால் நேரே பார்க்கத் தெரியாது, இருட்டறையில் போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ராஜா பக்கத்துக் குதிரையின் தலையிலும் கோட்டையின் உச்சியிலும் சின்னக் கிரீட முத்திரை இருக்கும். பழைய முறையில் ஆட்டத்தை எழுதும்போது ராஜா பக்கக் குதிரையா ராணி பக்கக் குதிரையா என்று பிரித்துச் சொல்லவேண்டும், அதற்காகத்தான். ஆனால் கிரீடத்தை மட்டும் கண்டுவிட்டு ஜேக்ஸ் என்று துள்ள வேண்டாம், வேறு கம்பெனிகளும் அதைப் போட்டிருக்கின்றன. முத்திரையைப் புதிதாகக் குத்தி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

குதிரைகளை வடிவாகப் பாருங்கள். மற்றக் காய்களைக் கடைசல் இயந்திரத்தில் உருட்டி எடுத்துவிடலாம், குதிரைத் தலை கையால் செதுக்குவது. மூக்குத் துளை, பல், பிடரி மயிர் எல்லாம் தனித்தனியாக வெட்டியிருந்தால் நல்ல வேலை. ஏனோதானோ என்று நான்கு கீறல் என்றால் மலிவுச் செட்.

விலையைப் பற்றி: நல்ல ஜேக்ஸ் செட் சில நூறு பவுணில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகும். பெட்டியும் அதில் ஒட்டிய லேபிளும் இருந்தால் இன்னும் கூட. உங்கள் பெட்டி போனது பெரிய நட்டம், மாற்றுச் சிப்பாயும் உடைந்த காதும் இன்னும் குறைக்கும். இணையத்தில் ஆட்கள் கேட்கிற விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், ஏலத்தில் உண்மையிலேயே விற்று முடிந்த விலையைத் தேடுங்கள்.

அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். ஸ்கொட்லாந்தில் ஒரு பழைய சாமான் வியாபாரி 1964இல் 5 பவுணுக்கு வாங்கிய ஒரு காய் அவர் குடும்பத்து லாச்சிக்குள் வருசக்கணக்காகக் கிடந்தது. பிறகு பார்த்தால் அது 1831இல் லூயிஸ் தீவில் எடுத்த, வோல்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செய்த பழைய காய்களோடு சேர்ந்தது. 2019இல் சொதபீஸ் ஏலத்தில் 735,000 பவுணுக்குப் போனது. ஒற்றைக் காய்!

கிளிநொச்சி ரீச்சர்:

அண்ணை சொன்ன கதையைக் கேட்டு ஊரில் எல்லாரும் லாச்சியைக் கிண்டப் போகிறார்கள் :)

ஒரு எச்சரிக்கை. என் சித்தப்பா கொழும்பில் 'அன்ரிக் ஸ்டோன்டன்' என்று நல்ல காசு கொடுத்து ஒரு செட் வாங்கினார். பிறகு பார்த்தால் இந்தியாவில் அமிர்தசரஸ் பட்டறைகளில் இப்போதும் கடைகிற காய்கள். அங்கே வேலை நல்ல வேலைதான், பழசு இல்லை, அவ்வளவுதான். தந்தக் காய் என்று யாராவது கொண்டுவந்தால் கையே வைக்க வேண்டாம், ஆசிய யானைத் தந்தத்துக்கு 1975இலிருந்து சர்வதேச வியாபாரத் தடை இருக்கிறது. மரமானாலும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற யோசனை இருந்தால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முள்ளியவளை ஓடாவி:

செஸ் எனக்கு விளையாடவே தெரியாது, மரம் தெரியும். கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி இல்லை தம்பி. கருங்காலி விலை கூடின மரம் என்று, வெளிர் மரத்தில் காயைக் கடைந்து கறுப்புச் சாயம் ஏற்றி விடுவார்கள். பாரத்தை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம், இந்த மாதிரிக் காய்களுக்கு விழாமல் நிற்க அடியில் துளைத்து ஈயம் ஊற்றுவது வழக்கம். சாயம் போட்ட காயும் ஈயத்தோடு பாரமாகத்தான் இருக்கும்.

அடியில் பச்சைத் துணி ஒட்டியிருக்குமே, மண்ணுக்குள் கிடந்ததில் எங்காவது ஓரம் கிளம்பியிருக்கும். புதிதாக உரிக்க வேண்டாம், கிளம்பின இடத்தில் மட்டும் பாருங்கள். அடிமரமும் கறுப்பென்றால் கருங்காலி. மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ தெரிந்தால் சாயம்.

பழசா புதிசா என்று பார்க்க இன்னொரு வேலை செய்யுங்கள். கலிப்பர் இருந்தால் ராஜாவின் அடி வட்டத்தை ஒருபக்கம் அளந்துவிட்டு, காயைக் கால்வாசி திருப்பி மற்றப் பக்கமும் அளவுங்கள். மரம் காயக் காய நார் ஓடுகிற பக்கம் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. அதனால் பழைய காயின் வட்டம் மயிரிழை அளவுக்கு முட்டையாகியிருக்கும். நேற்றுக் கடைந்தது சரியான வட்டமாகவே இருக்கும்.

உலக்கைச் சிப்பாயைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அந்தக் காலத்தில் வன்னிக் காட்டில் பாலை, முதிரையோடு கருங்காலியும் நின்றது, உலக்கைக்கு அதைத்தான் எடுத்தார்கள். அதைக் கடைவதென்றால் உளியை அடிக்கடி தீட்டவேண்டும், சுருள் சுருளாக வராது, மாவாகத்தான் உதிரும். கடைந்த ஆள் கைகாரன்.

ஒட்டுசுட்டான் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இதே வேலைதான், அம்மா பேசிப்போட்டுப் படுத்துவிட்டார்.

டோர்ச் அடித்து இரண்டு ராஜாவையும் மூன்று தரம் சுற்றிப் பார்த்தேன், ஒரு எழுத்தும் இல்லை. கிரீடமும் இல்லை. குதிரைகளுக்கு மூக்குத் துளை இருக்கிறது, பல் இல்லை, பிடரிக்கு ஐந்து கீறல். கலிப்பர் மோட்டார் சைக்கிள் கராஜில் இரவல் வாங்கினேன். வெள்ளை ராஜாவின் அடி ஒருபக்கம் 38.1 மில்லிமீற்றர், மற்றப் பக்கம் 37.6. அப்போ பழசுதான் போல.

கறுப்பு ராணியின் அடித்துணி பாதி கிளம்பியிருந்தது. உள்ளே ஈய வட்டம், அதைச் சுற்றி வெளிர் மஞ்சள் மரம். இரண்டு சிப்பாய்களிலும் அதே மஞ்சள். உலக்கைச் சிப்பாய்க்குத் துணியே ஒட்டவில்லை, அடி முழுக்க மை மாதிரிக் கறுப்பு. 16 கறுப்புக் காய்களில் உண்மையான கருங்காலி அது ஒன்றுதான் போலிருக்கிறது!

இதை அந்த வியாபாரிக்குப் போன் எடுத்து அப்படியே சொன்னேன். உடனே 6,000 என்றார்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

பெயரில்லாத சாயச் செட், பெட்டியும் இல்லை. இங்கேயும் பெரிய விலை போகாது, நீங்கள் தபாலுக்குக் கொடுக்கிற காசுகூடத் தேறுமோ தெரியாது. 6,000க்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், நான் என்றால் கொடுக்கமாட்டேன்.

ஒட்டுசுட்டான் பெடியன்:

கொடுக்கவில்லை அண்ணை. அக்காவின் மகன் பள்ளிக்கூடத்தில் செஸ் பழகுகிறான், சனிக்கிழமை வருவான். ஓடாவி அண்ணை, குதிரைக் காதுக்கு என்ன செய்யலாம்? சுப்பர் குளூ போடலாமா?

முள்ளியவளை ஓடாவி:

சுப்பர் குளூ வேண்டாம். வெள்ளையாகப் பூத்து நிற்கும், பிறகு கழற்றவும் ஏலாது. பழைய வச்சிரப் பசை என்றால் இளஞ்சூட்டு நீரில் இளகிவிடும், பிழைத்தாலும் திரும்பச் செய்யலாம். காதுக்குத் துண்டு மரம் நான் தருகிறேன், முதிரை நிறத்துக்குக் கிட்ட வரும். குதிரையைக் கொண்டு வாருங்கள், அந்தச் சிப்பாயையும் கொண்டு வாருங்கள், எனக்குக் கையில் எடுத்து ஒருக்காப் பார்க்கவேண்டும்.