நம்ம வீடு குழுவில் ‘தமிழ்ப் படம்’

மீனா அத்தை: நேற்று டிவியில் ‘தமிழ்ப் படம்’ போட்டார்கள். என் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் படம் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை!

நிலா: சிவா நடித்ததுதானே அத்தை? எங்கள் ஹாஸ்டலில் இன்னமும் அதன் ஸ்டிக்கர்தான் ஓடுகிறது. ஆனால் நான் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: கிண்டல் படத்துக்கு ஆயுசு கம்மி. எந்தப் படங்களைக் கிண்டல் செய்தார்களோ, அவற்றை ஜனங்கள் மறந்ததும் இதையும் மறந்துவிடுவார்கள்.

கார்த்தி: 2010 ஜனவரியில் வந்த படம் பெரியப்பா. இன்னும் மறக்கவில்லையே! அத்தை, உங்கள் பேரன் ‘அண்ணாமலை’ பார்த்திருக்கிறானா?

மீனா அத்தை: எங்கே? அவனுக்கு அந்தப் பேரே தெரியாது. ஆனால் ஒரே பாட்டு முடிவதற்குள் சிவா கோடீஸ்வரன் ஆனாரே, அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தான்.

கார்த்தி: அதைத்தான் சொல்கிறேன். 1992இல் ‘அண்ணாமலை’யில் ரஜினி ஒரு பாட்டில் முன்னேறினார். அதற்குப் பிறகு எத்தனையோ ஹீரோக்கள் அதே மாதிரி முன்னேறிவிட்டார்கள். மூலப் படத்தைப் பார்க்காதவனுக்கும் அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். இயக்குநர் அமுதன் தனிப்பட்ட படங்களைவிட இந்த வழக்கங்களைத்தான் பிடித்தார். அவை மாறுகிற வரைக்கும் இது பழசாகாது.

நிலா: சின்னப் பையன் சைக்கிள் மிதிக்க மிதிக்கப் பெரியவனாவது!

மீனா அத்தை: அதை இவன் ரீவைண்ட் செய்து செய்து பார்த்தான்.

சுந்தரம் பெரியப்பா: இதையெல்லாம் விஜய் டிவியில் லொள்ளு சபா அப்போதே செய்துவிட்டதே.

கார்த்தி: லொள்ளு சபா எனக்கும் உயிர் பெரியப்பா. ஆனால் அங்கே செட்டையும் விக்கையும் பார்த்தவுடனே இது கிண்டல் என்று தெரிந்துவிடும். இங்கே ஒளிப்பதிவு நீரவ் ஷா. அஜித்தின் ‘பில்லா’வை எடுத்தவர். அதே பளபளப்போடு இதையும் எடுத்திருக்கிறார். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் நிஜமான மசாலா படம் என்றே நினைப்பீர்கள். பாட்டும் அப்படித்தான். ‘ஓ மக சீயா’வில் வருவதெல்லாம் பழைய பாட்டுகளிலிருந்து எடுத்த அர்த்தமில்லாத சொற்கள். ஆனால் ஹரிஹரனும் ஸ்வேதா மோகனும் உருகி உருகிப் பாடியிருக்கிறார்கள். கண்ணன் போட்ட மெட்டும் நல்ல மெலடி. அதனால்தான் நான் இன்றைக்கும் அதைக் காதல் பாட்டாகவே கேட்கிறேன்.

நிலா: அண்ணன் வண்டியில் போகும்போதெல்லாம் அதுதான் ஓடும். நானே சாட்சி.

கார்த்தி: அப்புறம் சிவாவின் முகம். எவ்வளவு அபத்தம் நடந்தாலும் ‘பாருங்கள், காமெடி செய்கிறேன்’ என்கிற பாவனை அவரிடம் வராது. ஊரைக் காப்பாற்ற வந்தவன் மாதிரியேதான் நிற்பார். வெண்ணிற ஆடை மூர்த்தி, எம்.எஸ். பாஸ்கர், மனோபாலா மூன்று பேரும் ஹீரோவின் வாலிப நண்பர்கள், பேர் சித்தார்த், நகுல், பரத்! அதிலும் மனோபாலா யார்? 1987இல் ரஜினியை வைத்து ‘ஊர்க்காவலன்’ எடுத்த இயக்குநர். மசாலா படத்தை உள்ளேயிருந்து தெரிந்தவரே வந்து நடித்திருக்கிறார். சினிமா மேல் பிரியம் இல்லாமல் இதெல்லாம் அமையாது.

மீனா அத்தை: என்னை உலுக்கியது ஆரம்பம்தான். சினிமாபட்டியில் ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுவார்கள், வளர்ந்தால் சென்னைக்குப் போய் ஹீரோவாகிவிடுவானாம். பெண் சிசுக்கொலையைக் காட்டிய ‘கருத்தம்மா’வை 1994இல் தியேட்டரில் பார்த்து அழுதவள் நான். அதே காட்சியைத் திருப்பிப் போட்டதும் சிரிப்பு வந்தது, கூடவே தொண்டையும் அடைத்தது. பெண் குழந்தைக்கு அது எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்று நினைக்க வைத்துவிட்டார்கள். பேரனுக்கு அதை உட்கார வைத்துச் சொன்னேன்.

நிலா: அத்தை, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

மீனா அத்தை: பரவை முனியம்மா என்ன நடிப்பு! ‘தூள்’ படத்தில் ‘மதுர வீரன்தானே’ பாடினாரே, அவரேதான். கடைசியில் அந்தப் பாட்டிதான் வில்லன் ‘டி’ என்று தெரிகிற இடத்தில் பேரன் எழுந்தே நின்றுவிட்டான்.

நிலா: அத்தைஐஐ! நான் முழுசாகப் பார்க்கவில்லை என்று இப்போதுதானே சொன்னேன்!

மீனா அத்தை: அடி, இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தது உன் தப்பு.

சுந்தரம் பெரியப்பா: கார்த்தி, நீ முகத்தைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்வார் பார். பாலையா கொஞ்சமும் சிரிக்க மாட்டார். நிஜமாகவே நடுங்குவார். அவர் நடுங்க நடுங்க நமக்கு வயிறு வலிக்கும். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பா என்று நாகேஷ் சினிமாக்காரர்களையே கிண்டல் செய்த பாத்திரம் அது. இயக்குநர் ஸ்ரீதர் அன்றைக்குப் போட்ட பாதைதான் இது.

கார்த்தி: அருமை பெரியப்பா! சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே இலக்கணம்.

நிலா: தெலுங்கில்கூட 2012இல் ‘சுடிகாடு’ என்று எடுத்தார்களே, அல்லரி நரேஷ் நடித்து. ஆனால் அங்கே அவர்கள் ஊர்ப் படங்களைக் கிண்டல் செய்தார்கள். ‘தமிழ்ப் படம்’ இரண்டாம் பாகம் எப்படி?

கார்த்தி: 2018இல் வந்தது. சிரிக்கலாம். ஆனால் அதில் குறிப்பிட்ட காட்சிகளைக் காப்பியடித்துக் கிண்டல் செய்வது அதிகம். மூலப் படம் தெரியாவிட்டால் பாதி நகைச்சுவை போய்விடும். எனக்கு முதல் பாகம்தான்.

சுந்தரம் பெரியப்பா: மீனா, ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு வா. பாலையா காட்சியைப் போட்டுக் காட்டுகிறேன்.

மீனா அத்தை: வருகிறோம் அண்ணா. அண்ணியிடம் அடை மாவு அரைக்கச் சொல்லுங்கள்.

நிலா: நானும் வருகிறேன். யாரும் முடிவைச் சொல்லக் கூடாது!