"எந்தக் கம்பெனி சார்?" – வீட்டில் ஸ்கோப் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து:

போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு பழைய டிஜிட்டல் ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்) வாங்கினேன். ஏதோ கல்லூரி லேபில் கழித்துக் கட்டியது. இரண்டு சேனல், 100 மெகாஹெர்ட்ஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் முதல் சேனலில் மட்டும் கோளாறு. மில்லிவோல்ட் அளவுகளில் அலை ஒழுங்காக வருகிறது. ஒரு வோல்ட்டுக்குத் திருப்பினால் உயரம் குறையாமல் திரையைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டாம் சேனலில் அதே இடத்தில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாறும் 'டிக்' சத்தம் கேட்கும். முதல் சேனலில் அது இல்லை. சரி, ரிலேதான் என்று திறந்தேன். அதன் தலையில் ஸ்கோப்பைத் தயாரித்த கம்பெனி தனக்காக வைத்துக்கொண்ட எண் மட்டும்தான் அச்சாகியிருந்தது. அதைக் காட்டினால் எந்தக் கடைக்காரருக்கும் புரியாது.

கம்பெனியின் இணையதளப் படிவத்தில் ஜிமெயில் முகவரி கொடுத்தால் ஏற்கவில்லை, அலுவலக மின்னஞ்சல்தான் வேண்டுமாம். போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "எந்தக் கம்பெனி சார்?" கம்பெனி இல்லை, வீட்டில் ஆர்வத்துக்காக வைத்திருக்கிறேன் என்றேன். "தனிநபர்களுக்கு சப்போர்ட் கிடையாது சார்." பணம் கட்டுகிறேன் என்றேன். ஜிஎஸ்டி எண் இல்லாமல் கோரிக்கையைப் பதியவே முடியாது என்றார்கள். எனக்குத் தேவை அந்த ரிலேக்குச் சந்தையில் என்ன எண் என்பது மட்டும். அதைக் கேட்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு நாள் மனசு ஆறவில்லை.

மதுரையிலிருந்து:

தம்பி, எனக்கும் இதே பதில் இரண்டு முறை கிடைத்திருக்கிறது. அதனால்தான் இப்போதெல்லாம் சர்வீஸ் மேனுவல் கைக்குக் கிடைக்காமல் எதையும் வாங்குவதில்லை. 1970களில் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465 ஸ்கோப்பின் மேனுவலை ஒருமுறை பாருங்கள். முழு சர்க்யூட் படம், எந்த இடத்தில் எந்த அலை தெரிய வேண்டும், ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம், எல்லாம் இருக்கும். ட்ரிகர் (அலையைத் திரையில் ஓடாமல் நிறுத்திக் காட்டும் வசதி) என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது அந்த மேனுவல்தான், கல்லூரி இல்லை.

என்னிடம் எச்பி 3478ஏ மல்டிமீட்டர் இருக்கிறது. அதன் கேலிப்ரேஷன் எண்கள் (மீட்டர் சரியாக அளக்க வைக்கும் திருத்த எண்கள்) முழுவதும் 256 இடங்கள் கொண்ட ஒரு சின்ன மெமரியில் இருக்கின்றன. அதைக் காப்பாற்றுவது ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி செத்தால் எண்கள் போய்விடும், மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது. முதலில் ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் வழி) மூலமாக அந்த எண்களைப் படித்துச் சேமித்துக்கொண்டேன். அப்புறம் வெளியிலிருந்து இன்னொரு 3 வோல்ட் பேட்டரியை இணையாகக் கொடுத்துவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதைச் சாலிடர் செய்தேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் சர்க்யூட் மேனுவலிலேயே இருந்தது. பழைய எச்பி மேனுவல்கள் பலவற்றை இன்றும் கீசைட் (எச்பியின் அளவுக் கருவிப் பிரிவின் இன்றைய வாரிசு) தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். புதிய கருவிகளின் மேனுவலிலோ பெரும்பாலும் 'போர்டை மாற்றவும்' என்பதோடு சரி.

பெங்களூரிலிருந்து:

நான் சில வருடம் மேசையின் மறுபக்கம், ஒரு டீலரிடம் சப்போர்ட்டில் இருந்தவன். நீங்கள் கேட்ட அதே வாக்கியத்தை நானும் போனில் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்து பயம் உண்மையானது. பழைய ஸ்கோப்பின் படக்குழாய்க்குப் பல ஆயிரம் வோல்ட் போகிறது. நாங்கள் போனில் சொன்னதைக் கேட்டு ஒருவர் உள்ளே கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது? ஆனால் ஒரு ரிலேயின் எண்ணைச் சொல்வதில் என்ன ஆபத்து இருக்கிறது? இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல எங்களைப் பழக்கியிருந்தார்கள். அது தப்பு. அந்த நாற்காலியில் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து:

நான் கல்லூரி மாணவன். பவர் சப்ளை ஒன்றுக்கு ஃப்யூஸ் அளவு கேட்டு ஒரு சின்னக் கம்பெனிக்கு எழுதினேன். முதல் பதில் வழக்கமானதுதான். மறுநாள் அங்கிருந்த ஒரு பொறியாளரே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, "ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்க, கெப்பாசிட்டர் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்க" என்று எழுதியிருந்தார். நாளைக்கு நான் வேலைக்குப் போய் லேபுக்குக் கருவி வாங்கும் இடத்தில் உட்கார்ந்தால் அந்தக் கம்பெனிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

மறுபடியும் சென்னையிலிருந்து:

மதுரை அண்ணா, பெங்களூர் சார், இருவருக்கும் நன்றி. இரண்டாம் சேனலில் அதே ரிலேதான் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அது மாறும்போது காயிலில் 5 வோல்ட் வருகிறது. காயிலின் ரெசிஸ்டன்ஸையும் கால்களின் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்றாவது கடையில் பொருந்துகிற ரிலே கிடைத்தது. மாற்றியதும் சத்தம் வந்துவிட்டது. ஸ்கோப் முகப்பில் ப்ரோபை (அளக்கும் கம்பியை) சரிபார்க்க வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை ஒரு வோல்ட் அளவில் வைத்துப் பார்த்தேன். மூலைகள் கொஞ்சம் வளைந்து தெரிந்தன. உள்ளே இருக்கும் ட்ரிம்மரை (திருகிச் சரிசெய்யும் சின்னக் கெப்பாசிட்டரை) பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்பி நேராக்கினேன்.

ரிலேயின் கால்கள் இருக்கும் வரிசையை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். இதே கோளாறு உள்ளவர்கள் கேளுங்கள், உடனே அனுப்புகிறேன்.