ரேடியேட்டர் வால்வு பக்கம் கசிவு: எந்த நட்டை இறுக்கணும்?

கேள்வி:
வீட்டைச் சூடாக்கற சென்ட்ரல் ஹீட்டிங் ரேடியேட்டர்ல, கைப்பிடி வால்வுக்குக் கீழே கிண்ணம் வெச்சா தினமும் முக்கால் டம்ளர் தண்ணி சேருது. பாய்லர் பிரஷர் ஒரே வாரத்துல 1.3 பாரிலிருந்து 1.0க்கு இறங்கிடுது. மொத்த சிஸ்டத்தையும் வடிக்காம சரிபண்ண முடியுமா?

பதில் 1:
ஸ்பேனரை இப்பவே எடுக்காதீங்க. தண்ணி மேலே கசிஞ்சு, குழாயோட வழிஞ்சு, கீழ் நட்டுலதான் சொட்டும். எல்லாத்தையும் துடைச்சுக் காயவிட்டு, நாலு இடத்துல தனித்தனியா டிஷ்யூ பேப்பர் சுத்துங்க: கைப்பிடிக்கு அடியில ஸ்பிண்டில் (கைப்பிடியோட சுத்தற தண்டு), கீழே குழாய் நட்டு, வால்வுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல யூனியன் நட்டு, ரேடியேட்டருக்குள்ள போற மரை. முதல்ல நனையறதுதான் ஆள். சூடா இருக்கும்போதும் ஆறின பிறகும் பாருங்க. சில கசிவு ஆறினாத்தான் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
ஸ்பிண்டில்தான். ஆறின பிறகு அதிகம்.

பதில் 2:
அப்போ வடிக்க வேண்டாம். கைப்பிடியைக் கழட்டினா ஸ்பிண்டிலைச் சுத்தி சின்ன நட்டு இருக்கும், கிளாண்ட் நட். வால்வு உடம்பை இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்கிட்டு அதை வலப்பக்கமா எட்டில் ஒரு சுத்து மட்டும் இறுக்குங்க. கைப்பிடி திருக முடியாம இறுகிட்டா அளவு மீறிடுச்சு.

நிக்கலைன்னா உள்ளே பேக்கிங், அதாவது ஸ்பிண்டிலைச் சுத்தி தண்ணியை அடைக்கிற திணிப்பு, தேஞ்சிருக்கு. ஹீட்டிங்கை அணைச்சு ஆறவிட்டு, இந்த வால்வை மூடுங்க. மறுமுனையில மூடி போட்ட வால்வையும் மூடுங்க, எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வெச்சுட்டு. அந்த எண்ணிக்கையிலதான் ரேடியேட்டர்களுக்குள்ள சூடு பங்கீடு நிக்குது. மேலே காத்துத் திருகை ஒரு நொடி திறந்து பிரஷரை விட்டு, உடனே மூடிடுங்க. திறந்தே விட்டா ரேடியேட்டர் தண்ணி ஸ்பிண்டில் வழியா வந்துடும்.

இப்ப கிளாண்ட் நட்டை மேலே தூக்கி, 15 செ.மீ. டெஃப்லான் டேப்பை நூல் மாதிரி முறுக்கி, கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவி, ஸ்பிண்டிலைச் சுத்தி வலப்பக்கமா இரண்டு மூணு சுத்து. சின்ன ஸ்க்ரூடிரைவரால உள்ளே அமுக்கி நட்டை இறுக்குங்க. ரெண்டு வால்வையும் திறந்து, காத்தை வெளியேத்தி, ஆறின நிலையில 1 முதல் 1.5 பார் வரை தண்ணி ஏத்துங்க.

பதில் 3:
மேலே சொன்னது சாதாரணக் கைப்பிடிக்கு. எண் போட்ட தெர்மோஸ்டாட் தலைன்னா அந்த பேக்கிங் முறை பொருந்தாது. அதை உறைபனிக் குறியில வெச்சு மூடிட்டதா நம்பவும் வேண்டாம்; அறை ரொம்பக் குளிர்ந்தா தானாத் திறந்துக்கும்.

குழாய் நட்டுல கசிஞ்சா பலரும் மரையில டேப் சுத்துவாங்க, வீண் வேலை. அங்க தண்ணியை அடைக்கிறது உள்ளே இருக்கிற பித்தளை வளையம்; டேப்பை அதுமேல சுத்தணும்.

ரேடியேட்டர் தகட்டிலேயே துருக்கறை தெரிஞ்சா அது உள்ளிருந்து அரிச்சு வந்த ஓட்டை. கசிவடைக்கும் திரவம் தற்காலிகம்தான், ரேடியேட்டரையே மாத்தணும். வாராவாரம் புதுத் தண்ணி ஏத்தறதும் அரிப்பை வளர்க்கும், அதோட ஆக்சிஜனும் உள்ளே போகுதே. அதனால வேலை முடிஞ்சதும் தண்ணியில கலந்திருக்கிற துருத்தடுப்பு மருந்தின் அளவையும் சோதிச்சுடுங்க.