எலிவேஷனில் சோலார் கண்ணாடி பதிக்கலாமா? (தெற்குப் பார்த்த வீடு, தாம்பரம் பக்கம்)

தெற்குவாசல்:
எல்லாருக்கும் வணக்கம். தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம் கட்டிக்கொண்டிருக்கிறோம், வெளிப்பூச்சு முடியப்போகிறது. முன்பக்கம் ஏசிபி ஷீட்டும் (சுவரில் ஒட்டும் அலுமினியப் பலகை) கொஞ்சம் கண்ணாடியும் என்றுதான் முதலில் பேச்சு. போன வாரம் ஒரு கம்பெனிக்காரர் வந்து, அதே இடத்தில் சோலார் கண்ணாடியையே பதித்துவிடலாம், போர்ட்டிகோ கூரைக்கும் அதுவே, சுவரே கரண்டு எடுக்கும், மொட்டை மாடியில் ஸ்டாண்டு அடித்து இடத்தை அடைக்க வேண்டாம் என்றார். அம்மாவுக்கு இந்தக் கடைசிப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது, வடாம் போட மாடி முழுசாகக் கிடைக்குமே. சதுர அடி 1,150 ரூபாய் என்று கொட்டேஷன். போர்ட்டிகோ 216 சதுர அடி, முன்சுவரில் 150. சாதாரண லேமினேட்டட் கண்ணாடி என்றால் 450 சொல்கிறார்கள். செய்யலாமா?

லைன்மேன்_மகன்:
வேண்டாம் தம்பி. பதினாலு வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். மாடியில் 3 கிலோவாட் சாதாரண பேனல் போடு, மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வருகிறது. அந்த மானியம் கிடைக்க, பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். உன் கம்பெனிக்காரர் காட்டிய கண்ணாடி எங்கே செய்தது என்று முதலில் கேள், கேட்டதும் முகத்தைப் பார். வடாமுக்கு ஒன்பதடி உயர ஸ்ட்ரக்சர் போட்டால் கீழே தாராளமாக நடக்கலாம், வடாம் மட்டும் நிழலில் காயாது, அதற்கு ஓரமாகக் கொஞ்சம் இடம் விடு, அவ்வளவுதான்.

செங்கல்சூளை:
நான் ஆர்க்கிடெக்ட். லைன்மேன் சார் போடும் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, இந்தப் பேச்சில் எல்லாரும் செய்யும் தப்புதான். கட்டடத்தோடு சேரும் சோலாரை மாடி பேனலோடு ஒப்பிடக் கூடாது, அந்த இடத்தில் எப்படியும் வாங்கப்போகும் பொருளோடு ஒப்பிட வேண்டும். இவர் போர்ட்டிகோவுக்குக் கண்ணாடி வாங்கத்தான் போகிறார். அப்போது கூடுதல் செலவு சதுர அடிக்கு 700 ரூபாய்தான், 1,150 இல்லை.

மான்செஸ்டரில் சிஐஎஸ் டவர் என்று 1962இல் கட்டிய கோபுரம் ஒன்று இருக்கிறது. படிக்கட்டும் லிஃப்ட்டும் இருக்கும் பகுதியில் ஜன்னலே கிடையாது, அந்தச் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி மொசைக், ஒரு கோடிக்கு மேல். கட்டிக் கொஞ்ச நாளிலேயே அது பெயர்ந்து விழ ஆரம்பித்தது. எதையாவது வைத்து அந்தச் சுவரை மூடித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், 2005இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சோலார் பலகைகளால் மூடினார்கள். கிளாடிங் (சுவரை மூடும் பலகை) செலவு எப்படியும் உண்டு, கரண்டு அதன் மேல் வந்த வரவு. இந்த வகைச் சோலாரின் நியாயமே அதுதான்.

லைன்மேன்_மகன்:
மேடம், அந்தக் கட்டடத்தை நானும் படித்திருக்கிறேன். 391 கிலோவாட், வருஷத்துக்கு 1,80,000 யூனிட் என்று சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள், கிலோவாட்டுக்கு 460 யூனிட். என் கஸ்டமர் வீட்டு மாடிகளில் கிலோவாட்டுக்கு வருஷம் 1,400க்குக் குறைந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். மூன்றில் ஒரு பங்கு! அதிலும் அங்கே ஒட்டிய பலகைகளில் ஒரு பகுதி வெறும் டம்மி, அழகுக்கு.

கருங்காட்டுத்_தமிழன்:
ஓம், மான்செஸ்டரில் வெயிலும் குறைவுதானே அண்ணை, அதை வைத்து வகுத்தால் சரிவராது. நான் இருக்கிறது ஜேர்மனியில், ஃப்ரைபுர்க். இங்கே ரோல்ஃப் டிஷ் என்ற கட்டடக் கலைஞர் 1994இலேயே வெயிலின் பின்னால் சுழலும் வீடு ஒன்று கட்டினவர். பிறகு ஷ்லியர்பெர்க்கில் ஒரு குடியிருப்பு, 59 வீடு, கூரை முழுக்கச் சோலார். கோபன்ஹேகனில் சர்வதேசப் பள்ளிக்கூடம் ஒன்றின் வெளிச்சுவரில் கடல் பச்சை நிறத்தில் 12,000 பலகை பதித்திருக்கினம், 2017இல் முடிந்தது, பள்ளிக்கூடத்துக்கு வருஷத்தில் வேண்டிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்து வருகிறதாம். பார்த்தால் பேனல் என்றே தெரியாது. குளிர் நாட்டிலேயே சுவரில் வேலை செய்யுதென்றால், சென்னையில் அந்த வெயிலுக்கு ஏன் தயங்குகிறீர்கள்?

லைன்மேன்_மகன்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். சென்னையில் சூரியன் உச்சியில் போவதாலேயே சுவரில் அதிகம் வராது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்ப்பார்களே, சென்னைக்கு அது ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு முறை. அன்றைக்கு நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. நண்பகலில் மட்டும் இல்லை, காலை உதயத்திலிருந்து மாலை அஸ்தமனம் வரைக்கும் வடக்குப் பக்கமாகவே போய்விடுகிறது. அதாவது அக்னி நட்சத்திரம் முழுக்க, ஊரே வெந்துகொண்டிருக்கும்போது, தம்பியின் தெற்குச் சுவரில் நேர் வெயில் ஒரு நிமிஷம்கூட விழாது. வானத்து வெளிச்சமும் தரையிலிருந்து எதிரடிக்கும் வெளிச்சமும்தான். கிட்டத்தட்ட நாலு மாசம் இப்படி. ஏசி பில் எகிறும் மாசங்களில் பேனல் தூங்கும், மார்கழியில் எழுந்து வேலை செய்யும்.

கோபன்ஹேகன் 55 டிகிரி அட்சரேகைக்கு மேலே இருக்கிறது, அங்கே சூரியன் தாழ்வாகச் சாய்ந்தே போகும், அதனால் சுவரில் நன்றாக விழும். நாம் 13 டிகிரி. அவர்கள் ஊர் சுவரை இங்கே தூக்கிக்கொண்டு வந்து வைத்தால் எப்படி?

செங்கல்சூளை:
தெற்குச் சுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேற்குச் சுவர்? சாயங்காலம் நாலு மணி வெயில் மேற்கு பெட்ரூம் சுவரில் விழுந்து, ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். அங்கே நாலு அங்குல இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி வைத்து ஒரு பலகை நிறுத்தினால் சுவருக்குக் குடை பிடித்த மாதிரி. கரண்டு மாடியில் வருவதில் பாதிதான் வரட்டுமே, ஏசி ஓடும் நேரத்தில் வருகிறது, ஏசியின் பாரத்தையும் குறைக்கிறது. அந்தக் குளிர்ச்சியை யூனிட்டில் எழுத யாருக்கும் தெரியாததால் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

லைன்மேன்_மகன்:
நாலு அங்குலம் விட்டால் சரி. ஆனால் விட மாட்டார்கள் மேடம். பொருத்த வரும் ஆள் ஏசிபி ஷீட் ஒட்டுகிற மாதிரி சுவரோடு ஒட்டித்தான் வைப்பான், ஏனென்றால் இடைவெளி விட்டால் பிரேம் செலவு. பேனல் மேல் எழுதியிருக்கும் வாட்ஸ் எல்லாம் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் போகும். பின்னால் காற்று இல்லாத பேனல் 70 டிகிரியைத் தொட்டால், கிட்டத்தட்ட 15 சதவீதம் அங்கேயே காலி.

ஒழுகும்_போர்ட்டிகோ:
நான் பெயரிலேயே சொல்லிவிட்டேன், இருந்தாலும் கதையைச் சொல்கிறேன். நாங்கள் போர்ட்டிகோவில் இதைத்தான் போட்டோம். கண்ணாடிக்கு நடுவே செல்களை இடம் விட்டு இடம் வைத்திருப்பார்கள், கீழே தரையில் சதுரம் சதுரமாக நிழல் விழும், பார்க்க அவ்வளவு அழகு. வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். இரண்டு கோடை தாண்டியதும் கண்ணாடிக்கு நடுவே பூசிய சிலிகான் வெடித்தது. மழைத் தண்ணீர் அலுமினியச் சேனலுக்குள் இறங்கியது, ஒயர் போவதும் அதே சேனலில்தான். ஐப்பசி மழை நாட்களில் காலையில் இன்வர்ட்டரில் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) சிவப்பு விளக்கு எரியும், இன்சுலேஷன் ஃபால்ட், அதாவது மின்கசிவு என்று வரும், பத்தரை மணி வாக்கில் ஈரம் காய்ந்ததும் தானாகவே சரியாகி ஓட ஆரம்பிக்கும். போட்டவர்களைக் கூப்பிட்டால் "சார், ஒழுகுவது சிவில் வேலை, நாங்கள் எலக்ட்ரிகல்" என்றார்கள். சிவில்காரர் வந்து பார்த்துவிட்டு, கரண்டு போகும் கண்ணாடியில் கை வைக்க மாட்டேன் என்றார். அடியில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறோம், கார் அந்தப் பக்கம் நிற்பதில்லை.

தெற்குவாசல்:
ஐயோ. இதைத்தான் பயந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் போர்ட்டிகோ யோசனைதான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. கண்ணாடி உடைந்து கார் மேல் விழுமா?

செங்கல்சூளை:
தலைக்கு மேல் போடும் கண்ணாடி லேமினேட்டட்தான் இருக்க வேண்டும், இரண்டு கண்ணாடிக்கு நடுவே செல், உடைந்தாலும் துண்டுகள் நடுவில் இருக்கும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் கண்ணாடியும் முதுகில் பிளாஸ்டிக் தாளும் இருக்கிற பேனலைக் கூரையாகப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒழுகல் பற்றி: ஒழுகும் போர்ட்டிகோ சார் சொன்னது பொருளின் தப்பு இல்லை, சிலிகானை நம்பியதன் தப்பு. நம் ஊர் வெயிலில் சிலிகான் ஒரு துணைதான். சரிவு வேண்டும், ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் தண்ணீர் ஓட ஒரு தகரக் கால்வாய் வேண்டும், ஒயர் அந்தக் கால்வாயில் போகவே கூடாது. ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு ஓடு யாராவது பசையா போட்டார்கள்? ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது, தண்ணீர் வழிந்தது.

லைன்மேன்_மகன்:
மேடம், இதில் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பத்து வருஷம் கழித்து ஒரு கண்ணாடி போய்விட்டால்? 2014இல் நான் போட்ட பேனலின் அளவில் இன்றைக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை, செல் அளவே மாறிவிட்டது. மாடி ஸ்டாண்டில் என்றால் பக்கத்தில் வேறு அளவில் ஒன்றை வைத்து மைக்ரோ இன்வர்ட்டரோடு (அந்த ஒரு பேனலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன இன்வர்ட்டர்) ஓட்டிவிடலாம். கூரையில் அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பீர்கள்? தம்பி, போர்ட்டிகோ வேண்டும் என்றால் ஒன்று செய். கடையில் கிடைக்கும் இரட்டைக் கண்ணாடி பைஃபேஷியல் பேனல் (இரண்டு பக்கமும் கரண்டு எடுப்பது), இந்தியச் செல் போட்டதாகப் பார்த்து எடு, மேடம் சொன்ன கால்வாயோடு ஸ்டீல் பிரேமில் போடு. மானியத்துக்கு வழி இருக்கும், பேனல் கெட்டுப்போனாலும் முன்பின் அளவில் வேறொன்றை மாற்ற பிரேமில் அரை அடி விட்டுவை. சதுரம் சதுரமான நிழல் வராது, இருட்டாக இருக்கும், லைட் போட்டுக்கொள்.

செங்கல்சூளை:
அது போர்ட்டிகோ இல்லை, சைக்கிள் ஷெட்.

லைன்மேன்_மகன்:
ஒழுகாத சைக்கிள் ஷெட், மேடம்.

கருங்காட்டுத்_தமிழன்:
நான் இன்னமும் சொல்லுவேன், அழகு இல்லாவிட்டால் ஆக்கள் போட மாட்டினம். இங்கே 800 வாட் வரை பால்கனிக் கம்பியில் தாங்களே மாட்டி பிளக்கில் சொருகலாம் என்று 2024இல் சட்டம் இளக்கின பிறகு வாடகை வீட்டுச் சனமும் வாங்குது. கைப்பிடியில் மாட்டுறதென்றால் மட்டும் அண்ணை சொன்ன மாதிரி மைக்ரோ இன்வர்ட்டர் வையுங்கோ, பேனல்களை வரிசையாகக் கோர்த்தால் நேர்மின்சாரம் நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்குப் போய்விடும், சின்னப் பிள்ளையளின் கை எட்டுற இடம்.

தெற்குவாசல்:
இன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு சைட்டுக்குப் போனேன். லைன்மேன் அண்ணன் சொன்னது உண்மையா என்று பார்க்கத்தான். தெற்குச் சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்கு நிழல். கொத்தனாரும் சித்தாள் அக்காக்களும் அந்த நிழலில் வரிசையாக உட்கார்ந்து தூக்கைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மே மாசம் பூராவும் இங்கேதான் உட்காருவோம் சார் என்றார்கள். சுவர் கொட்டேஷனை ரத்து செய்துவிட்டேன். போர்ட்டிகோவுக்கு பைஃபேஷியல் விலை கேட்டிருக்கிறேன். சைக்கிள் ஷெட் என்று சொன்னதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

செங்கல்சூளை:
தெற்கை விடுங்கள். நாலு மணிக்கு இன்னொரு முறை போய் மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.