கல்லாறு தாண்டியதும் மாறிய சத்தம்

நீலகிரி மலை ரயிலில் போய் வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கையும் குகைகளையும்தான் சொல்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பது சத்தம்.

போன டிசம்பரில் அப்பாவோடு மேட்டுப்பாளையத்தில் காலை வண்டி ஏறினேன். கிடைத்தது கடைசிப் பெட்டி. முதலில் வருத்தமாக இருந்தது. ஆனால் மலை ஏறும்போது இங்கே எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. அதனால் எங்கள் பெட்டிக்கு அடுத்ததே எஞ்சின்தான். டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முன்பெட்டி முகப்பில் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண்.

கல்லாறு வரை சாதாரண ஓட்டம். தாண்டியதும் வேகம் நன்றாகக் குறைந்தது, அடியில் ஏதோ கவ்வியது போல ஒரு குலுக்கல். அப்புறம் எஞ்சினின் மூச்சே மாறிவிட்டது. கூடவே இரும்புப் பற்கள் அரைபடும் உறுமல், காலடியிலேயே தெரிந்தது.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது சத்தம் ஏன் மாறியது என்று எஞ்சின் ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். கை துடைத்துக்கொண்டே காட்டினார்: "இங்க பாருங்க தம்பி, ஒரு பக்கத்துக்கு ரெண்டு சிலிண்டர். கீழ இருக்கறது சக்கரத்துக்கு, மேல இருக்கறது பல்சக்கரத்துக்கு. கீழ வேலை செஞ்ச ஆவியவே மேல அனுப்பி மறுபடி வேலை வாங்கறோமுங்க."

எனக்குச் சிலிர்த்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை கிட்டத்தட்ட 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால்தான் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரண்டு சட்டங்கள்; எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுகிறது. ஒன்றின் பல்லுக்கு எதிரே மற்றதன் இடைவெளி வரும்படி பதித்திருக்கிறார்கள், பிடி விடவே விடாது. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் கண்ட முறை அது. குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வண்டி வந்தது. இந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் அதற்குப் பிறகு சுவிஸ் நாட்டு விண்டர்தூரிலிருந்து வந்தவை. அதே வகையை நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதை அந்த ஊழியர் எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா!

குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டினார்கள். கழற்றிய நீராவி எஞ்சின் ஷெட்டுக்குள் போய் மறையும்வரை அப்பா பிளாட்பாரத்திலேயே நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன்; ஆறிப்போன பிறகுதான் குடித்தார்.