புதுப்பிப்பு: வெனிஸ் போய் வந்துவிட்டோம்

நானும் மனைவியும் மூன்று நாள் வெனிஸைக் குறைந்த செலவில் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிகிறது.

வெனிஸ் தீவுகளுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். வெனிஸின் சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணெதிரே பெரிய கால்வாய். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான். அதனால் சில நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் அங்கே தங்குபவர்களுக்குக் கிடையாது.

ஊருக்குள் பஸ் மாதிரி ஓடும் பொதுப் படகுகளுக்கான பாஸ் பற்றி நிறையக் குழம்பினேன். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 72 மணி நேர பாஸ் 45 யூரோ. ஐந்து முறை ஏறினாலே பாஸ் லாபம். ஆனால் ஊர் சிறியது, நடந்தே தீர்ந்துவிடும். நாங்கள் பாஸ் வாங்கவில்லை. ஒரே ஒரு முறை, மாலையில், 1ஆம் எண் படகில் கால்வாய் முழுக்கப் போனோம். அந்த வெளிச்சத்தை மறக்கவே முடியாது.

கோண்டோலா என்ற துடுப்புப் படகில் சுற்றிவர அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அதற்குப் பதில் திராகெட்டோ ஏறுங்கள். அதுவும் கோண்டோலா வகைப் படகுதான்; ஆளுக்கு 2 யூரோவில் பெரிய கால்வாயின் அக்கரை சேர்க்கும். இரண்டே நிமிடம், மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், சலூத்தே தேவாலயம். 1630 கொள்ளைநோயிலிருந்து மீட்புக் கேட்டு நேர்ந்துகொண்டு கட்டியது. உள்ளே போக இலவசம். கட்டாயம் போங்கள்.