கொயோட்டிக்கும் இலக்குப் பலகைக்கும் ஒரே ரைஃபிள்: எந்தத் தோட்டா?

டெக்சஸில் கெர்வில் அருகே ஆடு வளர்க்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஆறு குட்டிகளை, ஓநாய் போன்ற காட்டு விலங்குகளான கொயோட்டிகள் கொண்டுபோய்விட்டன. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவை, மனம் ஆறவில்லை.

மின்வேலி போட்டேன், காவல் நாய் வைத்தேன். இழப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. கையிலிருக்கும் .22 லாங் ரைஃபிள் 100 கெஜத்துக்கு மேல் உதவாது. அவை தென்படுவதோ 150 முதல் 300 கெஜத்தில்.

நண்பரின் .223 ரெமிங்டன் தோட்டா போடும் ரைஃபிளில் 55 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) குண்டைச் சுட்டுப் பார்த்தேன். உதைப்பு குறைவு, தோட்டா விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் பக்கக்காற்று வீசினால் 250 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் விலகிவிடுகிறது. அதைவிடப் பெரிய .243 வின்செஸ்டர் தோட்டாவின் குண்டு காற்றுக்கு அவ்வளவாக அசையவில்லை, ஆனால் 40 தோட்டாவுக்குள் தோள் வலித்துவிட்டது. .22-250 ரெமிங்டனின் குண்டு நொடிக்கு 3,600 அடி வேகத்தைத் தாண்டும், ஆனால் குழல் சீக்கிரம் தேயும். வாரந்தோறும் இலக்குப் பலகையில் 60 தோட்டாவாவது சுடுகிறவன் நான், அதனால்தான் தயக்கம். கொயோட்டித் தோலை விற்கும் எண்ணம் இல்லை, அது கிழிந்தாலும் கவலையில்லை. வாங்கப்போவது போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது.

உட்புறச் சுருள் வரி 8 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் .223 குழலில் 69 கிரெயின் குண்டு போட்டால் 300 கெஜத்துக்குப் போதுமா, அல்லது .22-250 வாங்குவதுதான் சரியா?